அழிந்த கழுகும் தாழ்ந்த சாதியும்

சொல்லைப் பிரித்துப் போட்டு அதற்குள் இருக்கும் வரலாற்றைத் தேடுவது நமக்குப் புது வேலை அல்ல. 1907ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அதைத்தான் செய்தார். நம்மை இழிவாகச் சுட்டிய பெயர்களை எடுத்து, ‘இது யார் வைத்த பெயர், எப்போது வைத்த பெயர், எதற்காக வைத்த பெயர்’ என்று கேட்டார். அவர் தந்த விடைகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி நமக்குச் சொந்தமானது. அதே கேள்வியை இங்கே வேறொரு சொற்கூட்டத்தின்மேல் வைத்துப் பார்க்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியொன்றில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவன் நான். சுற்றுச்சூழல் பாடம் வந்தால் கூடவே ஒரு சொற்பட்டியலும் வரும். எண்டேஞ்சர்டு, ஹேபிடட், சாங்ச்சுவரி, ரிசர்வ், ஷெட்யூல், காலனி, போச்சர், வெர்மின், ஸ்கேவஞ்சர். விலங்குகளைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேச ஆங்கிலத்தில் தேவைப்படும் சொற்கள் இவை. பரீட்சைக்குப் பொருள் எழுதினால் போதும். ஆனால் இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டு ஓர் எட்டுத் தள்ளி நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இதில் பாதிச் சொற்கள் நம்மைப் பற்றிய சர்க்காரின் ஏடுகளிலும் இருக்கின்றன. மானுக்கும் கழுகுக்கும் எழுதிய அதே பேனாவால்தான் நமக்கும் எழுதியிருக்கிறார்கள். இது தற்செயலா என்று பார்க்க வேண்டும்.

1. காடு எது, காப்பு எது?

முதலில் ‘காடு’. கரிசல் பூமியில் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் அல்ல. கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் விளைகிற மானாவாரி நிலம்தான் காடு. ‘காட்டுக்குப் போயிட்டு வாரேன்’ என்றால் களையெடுக்கவோ பருத்தியெடுக்கவோ போகிறார்கள் என்று அர்த்தம். யாருடைய காட்டுக்கு என்பது அடுத்த கேள்வி. சம்சாரிக்குச் சொந்தக் காடு. நமக்குக் கூலிக்காடு.

சர்க்காருக்குக் காடு என்பது வேறு. 1882ல் சென்னை மாகாணத்துக்கு வனச்சட்டம் வந்தது. அதில்தான் ‘ரிசர்வ்டு ஃபாரஸ்ட்’ என்ற சொல் நம் பக்கம் இறங்கியது. அதுவரை ஆடு மேய்த்த, சுள்ளி பொறுக்கிய, தேன் எடுத்த மலையும் புதரும் சர்க்காரின் ஒதுக்கீடாயிற்று. தமிழில் அதற்குக் ‘காப்புக்காடு’ என்று பெயர் வைத்தார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள குருமலை அப்படிப்பட்ட காப்புக்காடுதான். அங்கே புள்ளிமான் உண்டு. தெற்கே வல்லநாட்டுக் குன்றை 1987ல் வெளிமான் சரணாலயமாக அறிவித்தார்கள். பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் தென்கோடியில் வெளிமான் இயற்கையாக மிஞ்சியிருக்கும் இடம் அது.

இதே ‘ரிசர்வ்டு’ என்ற சொல் 1932ல் பூனா ஒப்பந்தத்தின் வழியாக நம்மிடம் வந்தது. அதுவும் ஒதுக்கீடுதான். நம் பக்கத்து ஒட்டப்பிடாரம் ‘ரிசர்வ்டு’ சட்டமன்றத் தொகுதி. தமிழில் அதற்கு என்ன பெயர்? ‘தனித்தொகுதி’. ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். மரத்துக்குப் போனபோது ‘காப்பு’ ஆயிற்று, நமக்கு வந்தபோது ‘தனி’ ஆயிற்று. மொழிபெயர்த்தவர் சட்டத்தைப் படித்தாரா, ஊரைப் படித்தாரா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

‘சரணாலயம்’ என்ற சொல்லும் அப்படியே. சாங்ச்சுவரி என்பது லத்தீனில் புனித இடம். ஐரோப்பாவில் துரத்தப்பட்டவன் தேவாலயத்துக்குள் ஓடிப் புகுந்துவிட்டால் அவனைப் பிடிக்கக் கூடாது என்ற பழைய வழக்கத்திலிருந்து அடைக்கலம் என்ற பொருள் வந்தது. தமிழிலும் அதைச் சரணடையும் ஆலயமாகவே ஆக்கினார்கள். துரத்தப்பட்ட மானுக்கு ஆலயம். நல்லது. துரத்தப்பட்ட மனிதர்கள் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘காலனி’ இன்னும் வேடிக்கை. பறவைகள் கூட்டமாகக் கூடுகட்டும் இடத்தை ஆங்கிலத்தில் காலனி என்கிறார்கள். லத்தீனில் ‘கொலோனஸ்’ என்றால் உழவன், குடியேறிய நிலத்தில் பயிர் செய்கிறவன். தமிழ்நாட்டில் காலனி என்றால் உழ நிலமில்லாத நம்முடைய தெரு. பஸ்ஸில் ‘எந்த ஊரு?’ என்று கேட்டு, ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு ‘ஊரா, காலனியா?’ என்று கேட்பார்கள். சாதியை நேரே கேட்காமல் கேட்கும் வழி அது. இந்தச் சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசையாகவும் ஆகிவிட்டது என்று சொல்லி, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்கப்போவதாக 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஆவணத்திலிருந்து நீக்கலாம். பஸ்ஸில் கேட்கிறவன் இனி வேறு சொல் கண்டுபிடிப்பான். அதையும் நாம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

2. துண்டுச் சீட்டின் அதிகாரம்

‘ஷெட்யூல்’ என்பதற்கு மூலப்பொருள் துண்டுச் சீட்டு. சட்டத்தின் வாலில் ஒட்டுகிற சீட்டு, அதாவது அட்டவணை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் நம்மை ‘ஷெட்யூல்டு காஸ்ட்’ ஆக்கியது. 1936ல் சாதிப்பெயர்களின் பட்டியல் வந்தது. 1950ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதற்கு முன்பு ‘டிப்ரஸ்டு கிளாஸ்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது விலங்குகளுக்கும் அட்டவணை போட்டார்கள். வெளிமானும் மயிலும் புலியும் முதல் அட்டவணை. அதில் இருப்பதைக் கொன்றால் அன்றைய சட்டப்படி குறைந்தது 6 மாதம், கூடினால் 6 ஆண்டு சிறை. அதே காலத்தில் நமக்கிருந்த சட்டம் 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். அதில் தண்டனை கூடிப்போனால் 6 மாதம், அல்லது 500 ரூபாய் அபராதம். மானுக்குத் தண்டனை தொடங்கும் இடத்தில் மனுசனுக்கு முடிந்துவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருவதற்கு 1989 வரை ஆயிற்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய வழக்கில் நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது 1973ல். விலங்குகளுக்குச் சட்டம் வந்த மறு ஆண்டு.

மானைப் பார்த்து நாம் பொறாமைப்படுவதாக யாரும் நினைக்க வேண்டாம். மானுக்குச் சட்டம் வேண்டும். ராஜஸ்தானில் 1998ல் வெளிமானைச் சுட்ட வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018ல் ஜோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டு தண்டனை விதித்தது. அங்கே பிஷ்னோய் மக்கள் இருபது வருசம் விடாமல் நின்றார்கள். ஒரு துண்டுச் சீட்டில் பெயர் ஏறினால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது, பின்னால் நின்று கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

3. ஆகாயத் தோட்டி

அட்டவணை காப்பாற்றவும் செய்யும், கொல்லவும் செய்யும். 1972 சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்குப் பெயர் ‘வெர்மின்’. புழு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தொல்லை தரும் ஈனப்பிராணி என்று அர்த்தம் கொள்ளலாம். இந்த அட்டவணையில் இருந்தால் யாரும் கொல்லலாம், கேள்வி கிடையாது. சில திருத்தங்களுக்குப் பிறகு அதில் மிஞ்சியவை காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அறிவிப்பாணை மூலம் ஒரு விலங்கை வெர்மின் என்று சொல்லும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது.

காகத்துக்குத் தமிழில் என்ன பட்டம்? ‘ஆகாயத் தோட்டி’. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டுரையில் எழுதும் தொடர் அது. அழுக்கைத் தின்று ஊரைச் சுத்தமாக்குவதால் அந்தப் பட்டம். தரையில் அந்த வேலையைச் செய்யும் மனிதனின் பெயரை எடுத்துப் பறவைக்கு வைத்தார்கள். பிறகு அந்தப் பறவையைச் சட்டத்தில் வெர்மின் என்று எழுதினார்கள். தோட்டி என்ற சொல்லை ஒருபக்கமும் வெர்மின் என்ற சொல்லை மறுபக்கமும் வைத்து, நடுவில் காகத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். சொல்ல வேண்டியதில்லை.

எலியும் அப்படித்தான். அறுப்பு முடிந்த காட்டில் எலிவளை தோண்டித் தானியம் எடுத்த குடும்பங்களை, எலியைச் சுட்டுத் தின்ற குடும்பங்களை, அந்தத் தீனியை வைத்தே ஊர் ஏசியது. எலி வெர்மின். எலி தின்கிறவன் யார்?

இங்கிலாந்திலும் இந்தக் கதை உண்டு. 1532லும் 1566லும் அங்கே வெர்மின் சட்டங்கள் போட்டு, கொன்றுவரும் தலைக்கு இவ்வளவு காசு என்று கொடுத்தார்கள். மானுக்கு மட்டும் வேறு சட்டம். மான் பிரபுக்களின் வேட்டைப்பொருள். அதை ஏழை பிடித்தால் அவன் ‘போச்சர்’. பைக்குள் போட்டுக்கொள்கிறவன் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டைக்குப் போனவர்களைத் தூக்கில் போட 1723ல் ஒரு சட்டம் வந்தது. ‘கறுப்புச் சட்டம்’ என்றே அதற்குப் பெயர். வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரே விலங்கைப் பிரபு கொன்றால் வேட்டை, ஏழை கொன்றால் திருட்டு.

வெள்ளைக்காரன் அந்த இரண்டு ஏடுகளையும் இங்கே கொண்டுவந்தான். புலியையும் சிறுத்தையையும் ஓநாயையும் வெர்மின் கணக்கில் எழுதித் தலைக்குப் பணம் கொடுத்தான். 1875க்கும் 1925க்கும் இடையில் 80,000க்கு மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டன என்று மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். அந்த 1870களில்தான் மனிதர்களுக்கும் ஓர் ஏடு போட்டார்கள். 1871ல் குற்றப்பழங்குடிச் சட்டம். பிறந்ததே குற்றம் என்று பட்டியல் போட்டுப் பெயர் பதிந்து ரேகை எடுத்தார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சுற்றியிருக்கும் எதையும் ‘காக்க வேண்டியது’, ‘அழிக்க வேண்டியது’, ‘கண்காணிக்க வேண்டியது’ என்று பிரித்துப் பட்டியல் போடும் புத்தி ஒன்றுதான். அந்தப் புத்தி நம் ஊரில் ஏற்கெனவே இருந்த சாதிப் பட்டியலோடு வந்து கைகோத்துக்கொண்டது.

எங்கள் கரிசல் எழுத்தில் இது தெரிந்தே பதிவாகியிருக்கிறது. சோ. தர்மன் 2005ல் எழுதிய நாவலுக்கு வைத்த பெயர் ‘கூகை’. பார்த்தால் அபசகுனம் என்று ஊர் விரட்டும் பறவையை நம் மக்களுக்கு உருவகமாக வைத்தார். பலமிருந்தும் பகலில் வெளியே வந்தால் சின்னப் பறவைகள்கூடக் கொத்தி விரட்டும் பறவை அது.

4. ஸ்கேவஞ்சர்

இனி முக்கியமான சொல்லுக்கு வருகிறேன்.

லண்டனில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ‘ஸ்கேவேஜ்’ என்றொரு வரி இருந்தது. வெளியூர் வணிகர்கள் சரக்கைக் காட்டி விற்பதற்குக் கட்டும் வரி. அதை வசூலித்த அதிகாரிதான் ஸ்கேவஞ்சர். பிறகு தெருச் சுத்தத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. பிறகு தெருக்கூட்டுகிறவரின் பெயராயிற்று. பிறகு செத்ததைத் தின்னும் விலங்குக்கும் பறவைக்கும் போயிற்று. அங்கே ஒரு சொல் அதிகாரி நாற்காலியிலிருந்து தெருவுக்கு இறங்கியது. இங்கே வந்தபோது அதற்கு நாற்காலி ஞாபகமே இல்லை. நகராட்சி ஏடுகளில் அது ஒரு சாதியின் வேலைப்பெயராக உட்கார்ந்துகொண்டது.

வகுப்பில் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னபோது, ‘கழுகு, கழுதைப்புலி மாதிரி செத்ததைத் தின்னும் பிராணி’ என்று எழுதிப்போட்டேன். ஒரு பையன் எழுந்து, ‘சார், எங்க தாத்தா சர்வீஸ் புக்குல வேலைன்னு இந்த வார்த்தைதான் போட்டிருக்கு. கழுகுக்கும் இதேதானா சார்?’ என்று கேட்டான். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான், ‘வார்த்தை ஒண்ணுதான்யா. எழுதினவன் யாருன்னு பார்ப்போம், உட்காரு’ என்றேன். இந்தக் கட்டுரையின் பாதி அன்றைக்கு அவனுக்குச் சொல்லத் தொடங்கியதுதான்.

எங்கள் குடும்பமும் அந்தச் சொல்லுக்கு உட்பட்டதுதான். எங்களை ஊரில் ‘பகடை’ என்று கூப்பிடுவார்கள். சம்சாரி வீட்டு மாடு செத்தால் ஆள் வரும். தாத்தாவும் பங்காளிகளும் கயிறு போட்டு ஊருக்கு வெளியே பொட்டலுக்கு இழுத்துப்போவார்கள். தோலை உரித்து உப்புப் போட்டு, ஆவாரம்பட்டை ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். அது சம்சாரியின் கமலைக்கும் காலுக்கும் திரும்பிப் போகும். பூமணி 1979ல் எழுதிய ‘பிறகு’ நாவலில் அழகிரி என்ற சக்கிலியரின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு இந்த வேலையும் அதற்குக் கிடைத்த கூலியும் மரியாதையும் தெரியும்.

தோல் உரித்த பிறகு வருவதுதான் கழுகு. தாத்தா சொல்லுவார்: ‘ஏலே, நாம உரிச்சு வச்சாத்தான் அதுக்குத் தொறப்பு. அது தின்னு முடிச்சாத்தான் ஊருக்குச் சுத்தம். ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம். அதுக்கு றெக்கை இருக்கு, பறந்து போயிருது. நமக்கு அது இல்ல.’ இரண்டு நாளில் எலும்பு மட்டும் வெளுத்துக் கிடக்குமாம். எலும்பு பொறுக்குகிறவர்கள் வந்து அள்ளிப்போவார்களாம். மாட்டின் கொழுத்த தோல் கழுகுக்கு எளிதில் கிழியாது, உரித்துக் கொடுக்க ஆள் இருந்தால் அது வேகமாகத் தின்னும் என்று பறவையியல்காரர்கள் இன்று எழுதுவதைத்தான் அவர் தன் பாஷையில் சொன்னார்.

பறவை ஒன்றுதான். ஆனால் அது எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்து மரியாதை மாறும். திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் தினமும் இரண்டு கழுகுகள் வரும். அர்ச்சகர் பொங்கல் ஊட்டுவார். முனிவர்கள் கழுகாக வருகிறார்கள் என்று ஊரே கும்பிட்டது. 1990களின் கடைசியில் அவை வருவது நின்றுபோனது. அதே இனக் கழுகு பொட்டலில் எங்கள் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தால் ‘பிணந்தின்னி’. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் உள்ள மலை. சடாயுவின் அண்ணன் சம்பாதி முருகனைக் கும்பிட்ட இடம் என்பது தலபுராணம். புராணக் கழுகுக்கு மலை. பொட்டல் கழுகுக்கு வசை. கழுகுக்குள்ளும் சாதி பிரித்தார்கள்.

இன்று தமிழ்நாட்டில் கழுகு கூடுகட்டும் இடம் என்று மிஞ்சியிருப்பது நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய காடுகளும்தான். கழுகுமலையில் பெயர் மட்டும் இருக்கிறது.

காரணம் இப்போது எல்லோருக்கும் தெரியும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. 1990களின் நடுவில் மலிவு விலையில் மாட்டு வைத்தியத்துக்கு வந்தது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால் அதன் உடம்பில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு உடம்புக்குள் யூரிக் அமிலம் படிந்து சாகும். நூறு செத்த மாட்டில் ஒன்றில் மருந்து இருந்தாலே கூட்டம் காலியாகப் போதுமானது. ராஜஸ்தானில் பரத்பூரில் விபு பிரகாஷ் இந்த வீழ்ச்சியைப் பதிவுசெய்தார். மருந்துதான் காரணம் என்று லின்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் ஆராய்ந்து 2004ல் வெளியிட்டார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகு இந்தியாவில் 99.9 சதவீதம் ஒழிந்தது. 2006ல் மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015ல் குப்பியின் அளவையும் குறைத்தார்கள். 2023ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் மருந்துகளுக்கும் கால்நடைகளில் தடை வந்தது.

2024ல் எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கழுகு இல்லாமல் போனதால் செத்த மாடுகள் அழுகி, தண்ணீர் கெட்டு, வெறிநாய் பெருகி, 2000க்கும் 2005க்கும் இடையில் இந்தியாவில் 5 லட்சம் பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள் என்கிறது அந்தக் கணக்கு. அருமையான வேலை. ஒரு பறவை என்ன உழைத்தது என்பதை அது போன பிறகு பிணக்கணக்கால் காட்டிவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். அதே உழைப்பைக் கழுகோடு பங்குபோட்டுக்கொண்ட மனிதனுக்கு இப்படி ஒரு கணக்கை யார் போட்டார்கள்? தோட்டியும் சக்கிலியரும் வெட்டியானும் ஒரு வருசம் கையை மடக்கியிருந்தால் எத்தனை லட்சம் பேர் செத்திருப்பார்கள்? கழுகின் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘ஈக்கோசிஸ்டம் சர்வீஸ்’ என்று மரியாதையான பெயர் இருக்கிறது. நம் வேலைக்கு ‘குலத்தொழில்’ என்று பெயர். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம். இரண்டின் ஆங்கிலத் தலைப்பிலும் அந்த ஸ்கேவஞ்சர் இருக்கிறார். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர்கள் பற்றி நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் வந்திருக்கிறது. அப்படிச் சாகிறவரின் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சமாக உயர 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

5. யாரைக் காப்பது?

‘புரொடெக்ஷன்’ என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர்கள் கொஞ்சம் பின்வாங்குவதற்குக் காரணம் உண்டு. 2002 அக்டோபர் 15 அன்று ஹரியானாவில் ஜஜ்ஜார் மாவட்டம் துலினாவில் மாட்டுத்தோல் கொண்டுபோன ஐந்து தலித்துகளைக் கும்பல் அடித்துக் கொன்றது, போலீஸ் சாவடிக்குப் பக்கத்திலேயே. 2016 ஜூலை 11 அன்று குஜராத்தில் ஊனா பக்கம் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அடித்தவர்கள் தங்களைப் பசுப் ‘பாதுகாவலர்’ என்றார்கள். அதற்குப் பதிலாகக் குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை எடுக்க மறுத்தார்கள். சுரேந்திரநகரில் மாட்டு உடல்களை ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். ‘உங்க மாதா, நீங்களே எடுங்க’ என்பதுதான் அதன் சாரம். 1927ல் மகத்தில் பாபாசாகேப் செத்த மாட்டுக்கறியைக் கைவிடச் சொன்ன குரலின் தொடர்ச்சி அது.

இந்த இடத்தில்தான் சூழலியல் நண்பர்களோடு நாம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. கழுகைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் செத்த மாட்டைப் புதைக்காமல், மருந்து கலக்காத உடலாகப் பார்த்து வெட்டவெளியில் போட வேண்டும் என்கிறார்கள். அறிவியல்படி சரிதான். ஆனால் போடுவது யார்? இழுத்துப்போகும் கயிற்றின் மறுமுனையில் இருப்பது யாருடைய கை? ‘பாரம்பரிய அறிவு’ என்று புகழ்ந்து பழைய பொட்டலுக்கே எங்களைத் திரும்பப் போகச் சொல்ல மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? தாத்தாவுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அப்பா அதை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனது எங்கள் குடும்பத்தின் விடுதலை. கழுகு திரும்பி வர அந்த விடுதலையை விலையாகக் கொடுக்க முடியாது.

கழுகே வேண்டாம் என்பது இதற்கு அர்த்தமில்லை. வண்டியும் இயந்திரமும் வையுங்கள். எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுங்கள். அரசுச் சம்பளம் கொடுங்கள். கையுறையும் காப்பீடும் கொடுங்கள். அப்போது அது வேலை. இல்லையென்றால் அது பழைய சாதிதான், பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

6. தன்வினையும் பிறவினையும்

கடைசியாக, பட்டியலின் முதல் சொல்லுக்கு வருகிறேன். ‘எண்டேஞ்சர்டு’. ஆங்கிலத்தில் அது செயப்பாட்டுவினை. யாரோ ஆபத்துக்கு உள்ளாக்கியிருக்கிறார்கள் என்ற குறிப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் அதை ‘அழிந்துவரும் உயிரினம்’ என்று பெயர்த்தார்கள். ‘அருகிவரும்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் தன்வினை. தானாக அழிகிறது, தானாக அருகுகிறது. விஷமாகிப்போன மருந்து எங்கே, அதைச் செய்தவன் எங்கே, அனுமதித்த அலுவலகம் எங்கே? எழுவாயை ஒளித்துவைக்கும் மொழிபெயர்ப்பு இது.

இந்த இலக்கணத் தந்திரம் நமக்கு நன்றாகப் பழக்கமானது. ‘தாழ்ந்த சாதி’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். தானே தாழ்ந்துபோனது மாதிரி. நம் முன்னோர்கள் சண்டை போட்டு அதைத் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்று மாற்றினார்கள். ஒரு ‘ப்பட்ட’ சேர்ந்ததும் தாழ்த்தியவன் யார் என்ற கேள்வி தானாக எழுந்துவிட்டது. ‘ஒடுங்கியவர்’ இல்லை, ‘ஒடுக்கப்பட்டவர்’. மராத்தியிலிருந்து வந்த ‘தலித்’துக்கும் நொறுக்கப்பட்டவர் என்றே பொருள். அம்பேத்கர் 1948ல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில் நம் முன்னோரை ‘உடைபட்ட மனிதர்கள்’ என்ற பொருளில்தான் பேசினார். இலக்கணத்துக்குள் இப்படி ஓர் அரசியல் நடந்திருக்கிறது. அதை நடத்தியவர்கள் நாம்.

கழுகுக்காக வேலை செய்கிறவர்களும் இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ‘பிணந்தின்னிக் கழுகு’ என்ற வசைப்பெயரை விட்டுவிட்டுச் சங்க இலக்கியத்திலிருந்து ‘பாறு’ என்ற சொல்லை எடுத்துக் கோவையைச் சேர்ந்த அருளகம் போன்ற அமைப்புகள் புழக்கத்தில் விட்டிருக்கின்றன. வரவேற்கிறேன். பெயரால் இழிவுபட்டவனுக்குப் பெயர் மாற்றத்தின் அருமை தெரியும். கூடவே இன்னொன்றையும் கேட்கிறேன். ‘இயற்கையின் தோட்டி’, ‘ஆகாயத் தோட்டி’ என்று பாடப்புத்தகத்திலும் பலகையிலும் எழுதுவதை விட்டுவிடுங்கள். பறவைக்கு மரியாதை தருவதாக நினைத்துக்கொண்டு மனிதனின் காயத்தைக் கிளறுகிறீர்கள்.

ஆங்கிலம் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இந்தச் சொற்களைப் பயந்து ஒதுக்க வேண்டாம். ஷெட்யூல் என்றால் துண்டுச் சீட்டு, ஸ்கேவஞ்சர் என்றால் ஒரு காலத்து வரி அதிகாரி, காலனி என்றால் உழவன் குடியிருப்பு என்று மூலம் வரை போய்த் தெரிந்துகொள்ளுங்கள். பரீட்சையில் எண்டேஞ்சர்டு என்று வந்தால் ‘அழிக்கப்பட்டு வரும்’ என்று எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் என்னிடம் வாருங்கள், போய்க் கேட்போம். வெளிமானையும் பாறுவையும் கூகையையும் காப்பாற்றும் கூட்டத்தில் நாமும் இருப்போம். ஆனால் அந்தக் கூட்டத்துக்கான பட்டியலை எழுதும்போது பேனா இந்தமுறை நம் கையிலும் இருக்க வேண்டும்.